வற்றிய மாட்டின் பால்

இதை நான் எழுதுவது தெரிந்தால் அந்த அக்காவுக்குப் பிடிக்காது. ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஆகவே ஆகாது. நல்லதாகச் சொன்னாலும் ஆகாது. அதனால் பேரை விட்டுவிடுகிறேன், ஊரையும் விட்டுவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து போக வேண்டிய ஒரு ஊர். அவ்வளவு போதும்.

நான் வக்கீல். இல்லாதவர்களைப் பற்றி இருக்கிறவர்களிடம் பேசிப் பிழைப்பதுதான் என் தொழில். வீட்டிலும் அதே வேலைதான், கூலி மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட என்னிடம் போய் இப்படி ஒரு கட்சிக்காரர் மாட்டினார்.

முதல் நாளே முட்டிக்கொண்டது. அப்போது நான் ஜூனியர். தேரடித் தெருவில் ஒரு மாடியில் சீனியரின் ஆபீஸ். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, துணைக்கு இன்னொரு பெண்மணியோடு படியேறி வந்து, பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டு கேட்டார்.

"சார் எப்ப வருவாருங்க?"

"அவரா? கோயிலுக்குப் போறேன்னு கெளம்புவார். வழியில யாரையாவது புடிச்சிக் கதை பேச ஆரம்பிச்சிடுவார். எங்க சார் கதையக் கேட்டீங்கன்னா..."

அந்த அம்மா கையை லேசாகத் தூக்கினார். "அவரு வந்துரட்டும் வக்கீலம்மா. அப்புறம் சொல்லுங்க."

"சும்மா தமாஷுக்குத்தான்மா."

"அதான். அவரும் கேட்டு சிரிக்கட்டும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா எனக்கு மரியாதை சொல்லித்தருகிறாரா என்று கோபம். ஆனால் அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பானையிலிருந்து மொண்டு குடித்தார். சீனியர் வந்ததும், "சார், இவங்க உங்களப் பத்தி ஏதோ சொல்ல வந்தாங்க" என்று என்னைப் பார்த்தார். நான் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

வந்த விஷயம் பால் சங்கத் தேர்தல். பல வருஷமாகத் தேர்தலே இல்லாமல் அரசாங்கம் போட்ட தனி அலுவலர் கையில் கிடந்த கூட்டுறவுச் சங்கங்களுக்கு, தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. அந்த ஊர் பால் சங்கத்துக்கு இந்த அக்கா தலைவராகிவிட்டார். அவரிடம் தோற்றவர் உரக்கடை வைத்திருந்தவர். அவர் விடவில்லை. தேர்தல் செல்லாது என்று கூட்டுறவுத் துணைப்பதிவாளரிடம் மனு போட்டுவிட்டார்.

அக்கா ஜெயித்ததே அந்தக் குணத்தால்தான் என்று அவருடன் வந்த பெண்கள் பிற்பாடு சொன்னார்கள். சங்கத்தில் பால் அளக்கிறவர் அளவுப் படியைத் தளும்பத் தளும்ப மொண்டு ஊற்றுவாராம். வழிகிற பால் அடியில் வைத்த தட்டில் சேரும். தட்டுப் பால் அவர் வீட்டுக்குப் போகும். எல்லாப் பெண்களும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அக்கா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஒருநாள் அளக்கிறவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வழியற பாலு எங்களுதுங்க. தட்ட எடுத்துடுங்க."

அவ்வளவுதான் சொன்னது. பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் இருந்தார்களாம். மறுநாள் தட்டைக் காணோம். தேர்தல் வந்ததும் பெண்கள் வேறு யார் பேரையும் யோசிக்கவில்லை.

மனுவில் இருந்த குற்றச்சாட்டு இரண்டு. சங்கத்தில் ஓட்டுப் போடவும் தேர்தலில் நிற்கவும், வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குக் குறையாமல் பால் ஊற்றியிருக்க வேண்டும். சொந்த மாட்டுப் பாலாக இருக்க வேண்டும். அக்காவின் மாடுகள் அந்த வருஷம் சில மாதங்கள் வற்றிக் கிடந்தன, அதனால் அவருக்குத் தகுதியில்லை என்பது முதலாவது. வற்றிய மாட்டை வைத்துக்கொண்டு பால் பவுடரைக் கரைத்து ஊற்றி ஏமாற்றினார் என்பது இரண்டாவது. அந்தப் பத்தியில் 'பொய்ப் பால்' என்று கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள்.

முதலாவது நிரூபணமானால் பதவி போகும். இரண்டாவது நிரூபணமானால் உறுப்பினர் என்பதே போய்விடும். சங்கத்தில் அவர் பாலை எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு இரண்டு மாடுகளைத் தவிர வேறு வருமானம் கிடையாது. டீக்கடைக்கு ஊற்றும் ஏஜெண்டிடம் கம்மி விலைக்குக் கெஞ்சி நிற்க வேண்டியதுதான். பொய்ப் பால் ஊற்றினவள் என்ற பேரோடு அதுவும் நடக்குமா என்பது சந்தேகம்.

"மாடு வத்தினது நெஜமா?" என்றார் சீனியர்.

"நெஜந்தாங்க."

"அப்ப யார் பால் அது?"

"மாத்துப் பாலுங்க."

எங்களுக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த பெண்மணி விளக்கினார். "எம் மாடு வத்திடுச்சின்னா பக்கத்து வூட்டுக்காரி அவ பால்ல கொஞ்சம் எம் பேர்ல ஊத்துவா சார். அவ மாடு வத்தினா நான் ஊத்துவேன். இல்லன்னா பேரு அடிபட்டுடும் இல்ல? ஊரே அப்டித்தான் ஊத்துது." சட்டம் எழுதியவர்களுக்கு மாடு வற்றும் என்று தெரியாதா என்ன, தெரிந்திருக்கும். மாடு வற்றினால் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் தெரிந்திருக்காது.

"உங்க பேர்ல ஊத்தினது யாரு?" என்று நான் கேட்டேன்.

"அத அவங்கள வெச்சிக்கினு சொல்லணுங்க."

கூட வந்த பெண்மணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். ஒருத்தி பேர் வெளியே வந்தால் கூடவே அத்தனை பேர் பேரும் வரும் என்கிற பயம் அவருக்கு. அக்காவின் தயக்கம் அந்த வகை இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போனதும் சீனியர் சொன்னார். "முதல் பாயிண்ட் எப்படியும் உதைக்கும். ரெண்டாவதையாவது ஒடைக்கணும். அதுக்கு ஊத்தினவ வந்து என் மாட்டுப் பால்னு சொல்லணும். பேரை எப்படியாவது வாங்கு." அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வாய்தாவுக்கு வாய்தா அக்காவும் நானும் துணைப்பதிவாளர் அலுவலக வாசலில் காத்துக்கிடந்தோம். மாவட்டம் வேலூரிலிருந்து பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாதி ஆபீஸ்கள் வாடகை வீடுகளில் நடந்தன. இதுவும் ஒரு வீடுதான். சமையலறை அலமாரியில் கோப்புகள், விசாரணை நடக்கும் கூடத்தின் உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கிகள். கொக்கியைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "தீர்ப்பு சொல்றப்ப ஆடிக்கினே சொல்லலாம்" என்றார் ஒருநாள். அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னார், நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

அந்தக் காத்திருப்புகளில் எத்தனையோ விதமாகப் பேரை வாங்கப் பார்த்தேன். நடக்கவில்லை. எதிர் டீக்கடையில் நின்று குடிப்போம். கடையில் யாராவது எவரையாவது பற்றி ஆரம்பித்தால் போதும், அக்கா கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிடுவார். பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும். அந்த நெரிசலிலும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். டீக்கடைக்காரர் கிளாஸ் திரும்பி வருமா என்று என்னைப் பார்ப்பார்.

ஒருமுறை சும்மா பேச்சுக்கு, "உங்க சிவப்பு மாடு உதைக்குமாமே, அப்படியாக்கா?" என்றேன்.

"அது இங்க இல்லியே வக்கீலம்மா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

அவருடைய வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், வருஷக்கணக்கில் வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊரில் பேச்சு. நான் விடுவேனா? சுற்றி வளைத்துக் கேட்டேன். "வந்தார்னா அவரையே கேட்டுக்கலாம்" என்றார். குரல் மாறவில்லை. இதைச் சொன்ன பிறகு மட்டும் கொஞ்ச நேரம் வளையலைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

என் மாமியாரைப் பற்றிய புகார்களைக் கூட அவரிடம் கொட்ட முடியவில்லை. "அவங்களாண்டயே சொல்லிப் பாருங்களேன்" என்றார். ரோஷத்தில் ஒருநாள் சொல்லியே விட்டேன். வீட்டில் அடுப்பு எரியாத குறை. அடுத்த வாய்தாவில் அதைச் சொன்னதும் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ. எனக்கும் அப்டித்தான் ஆவும் வக்கீலம்மா. மூஞ்சிக்கு நேரா சொல்லிச் சொல்லி எத்தினியோ வாட்டி வாங்கிக் கட்டிக்கினுகீறேன்." இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

விசாரணையில் அதிகாரி நேரடியாகவே கேட்டார். சாந்தமான மனிதர், யாரையும் அதட்ட மாட்டார்.

"உங்க மாடு வத்தின மாசங்கள்ல உங்க பேர்ல பால் விழுந்திருக்கும்மா. யார் ஊத்தினாங்க?"

"சொல்றேன் சார். ஆனா அவங்க இங்க இல்லியே."

"இல்லாட்டி என்ன? பேரைச் சொல்லுங்க."

"அவங்கள எதுர்ல நிக்க வெச்சிக் கேளுங்க சார். மூஞ்சப் பாத்து சொல்லிடறேன். முதுவுக்குப் பின்னால ஒர்த்தர் பேர எடுத்து எனக்குப் பழக்கமில்ல."

உரக்கடைக்காரரின் வக்கீல் உரக்கச் சிரித்தார். "ஆள் இருந்தாத்தானே சார் வர்றதுக்கு? பவுடர் டப்பா எப்படி நடந்து வரும்?" கூடமே சிரித்தது. உரக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. பாவம் என்பது போல இருந்தது, எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "என்னக்கா இது? பேர் சொல்லாட்டி பவுடர் பால்னே எழுதிடுவாங்க. சங்கத்துலேர்ந்தே தூக்கிடுவாங்க. மாட்டக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியுது."

"தெரிஞ்சா போய் அந்தப் பொம்பளகிட்ட கேளுங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அளக்கிறவர் வாசல்ல போய் நின்னீங்க இல்ல?"

"அவரு தப்புப் பண்ணாரு, போய் நின்னேன். இவங்க எனக்கு நல்லது பண்ணவங்க. நான் போய்க் கேட்டா வராம இருக்க மாட்டாங்க. வந்தாங்கன்னா அவங்களுக்குக் கஷ்டம். அதான் கேக்கல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில். இப்படி ஒரு கட்சிக்காரரை வைத்துக்கொண்டு எவளால் கேஸ் நடத்த முடியும்? பஸ் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிப் பாதியை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது. உரக்கடைக்காரரின் மனைவி, வசந்தா. அக்காவுக்கு எதிர் வீடு. மாடு வற்றிக் கிடந்ததைத் தினமும் கண்ணால் பார்த்தவர் என்று அவர்களே கூப்பிட்டு வந்திருந்தார்கள். மெலிந்த பெண். கணவர் பின்னால் ஒதுங்கி வந்தவருக்கு, அக்காவைக் கண்டதும் நடை தடுமாறியது. அக்கா சட்டென்று எழுந்து நின்றார்.

எதிர் வக்கீல் கேட்டார், அவர் பதில் சொன்னார். மாடு வற்றியது உண்மையா? உண்மைதாங்க. எத்தனை மாதம்? சொன்னார். அவ்வளவுதான், உட்காருங்கள் என்றார் வக்கீல். என் முறை வந்தது. ஒன்றும் கைவசம் இல்லாமல்தான் எழுந்தேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அந்த மாசங்கள்ல இந்த அக்கா பேர்ல பால் ஊத்தினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வசந்தா தலையைத் திருப்பி அக்காவையே பார்த்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் வசந்தாவைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"ஏம்மா, ஆள் எதிர்ல இருந்தா சொல்றேன்னீங்க இல்ல? இப்ப சொல்றீங்களா?"

அக்கா முகம் வேர்த்துவிட்டது. "அவங்க சொல்லணும்னா அவங்களே சொல்லட்டும் சார். சொல்லாட்டியும் நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்." இதை அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை, வசந்தாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான்தான் சார் ஊத்தினேன்" என்றார் வசந்தா.

உரக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஏய், இன்னா ஒளற்ற?"

"எங்க மாட்டுப் பாலுங்க சார். போன வருசம் எங்க மாடு வத்தினப்ப இவங்க எம் பேர்ல ஊத்தினாங்க. இந்த வருசம் நான் ஊத்தினேன். இவருக்குத் தெரியாது. இவரு மாட்டுக் கொட்டாய் பக்கமே வர மாட்டாரு." மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல சார். எங் கையால கறந்து ஊத்தினது. அதப் போயி பொய்ப் பாலு, பொய்ப் பாலுன்னு வூட்ல சோறு துன்னும்போதெல்லாம் சொல்றாரு. அந்தப் பொம்பள ஆள நிக்க வெச்சாத்தான் சொல்லுவாளாம்னு சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு. எம் பேர சொல்லாம காப்பாத்திக்கினு இருக்காங்கன்னு எனக்கில்ல தெரியும்? எத்தினி நாளு சார் கேட்டுக்கினே இருக்கறது?"

தன் வீட்டுப் பாலையே பொய்ப் பால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எதிர் வக்கீல் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அக்கா போய் வசந்தா பக்கத்தில் நின்றுகொண்டார்.

இனிமேல் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்குமோ என்று நான் பயந்ததற்கு அக்காவே வழி பார்த்துவிட்டார். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது உரக்கடைக்காரரிடம் நேராகப் போனார். "அண்ணா, கோவம்னா எம் மேல காட்டுங்க. எதுர் வூடுதான், எனக்குக் கேக்கும்" என்றார். அவர் வண்டியை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. சீனியர் ஊரில் இல்லை. பிரதியை வாங்கிக்கொண்டு அலுவலக வாசலில் நின்று நான்தான் படித்தேன். நாங்கள் எதிர்பார்த்தபடியேதான் இருந்தது. சொந்த மாட்டுப் பால்தான் கணக்கு. மாற்றி ஊற்றிய நாட்களைச் சேர்க்க விதியில் இடமில்லை. அக்காவின் தேர்தல் செல்லாது. உரக்கடைக்காரரைத் தலைவராக அறிவிக்கவும் முடியாது, மறுபடி தேர்தல் நடத்த வேண்டும். எனக்கு மனசு உடைந்துவிட்டது. அப்பீல் போகலாம், இந்த வாதத்தை இப்படித் திருப்பலாம் என்று மளமளவென்று பேசினேன்.

"அது கெடக்கட்டும் வக்கீலம்மா. பாலப் பத்தி இன்னா எழுதிகீறாரு?"

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வரியைக் கண்டுபிடித்து ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை படிப்பதற்குள் அக்கா தடுத்தார்.

"இருங்க, இருங்க."

வேகமாகப் படியிறங்கிப் போனார். வேப்பமரத்தடியில் வசந்தா நின்றிருந்தார். அன்று அவரும் வந்திருந்தது எனக்குத் தெரியாது. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"இப்பப் படிங்க."

படித்தேன். மேற்படி நாட்களில் மேற்படி உறுப்பினர் பெயரில் ஊற்றப்பட்ட பால் கலப்படமற்ற பசும்பால்தான் என்பது சாட்சியத்தாலும் சங்கத்தின் பரிசோதனையாலும் ஐயமற விளங்குகிறது.

வசந்தாவுக்கு ஆபீஸ் தமிழ் புரியவில்லை. அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "உம் பாலு நல்ல பாலுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கடி!" பதவி போன அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவர் இத்தனை மாதம் நடத்தியது எந்தக் கேஸ் என்பது வக்கீலான எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசந்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தெருமுனையில் வண்டியைப் பிடித்தபடி உரக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"அண்ணா, நீங்களும் வாங்க. வந்து கேளுங்க. வக்கீலம்மா, இன்னொரு வாட்டி படிங்க."

அவர் தயங்கினார். பிறகு வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். நான் இன்னும் சத்தமாகப் படித்தேன்.